சிங்கப்பூர் வெக்கையில் பின்குஷன் பூ

பின்குஷன் பூவை, அதாவது ஸ்கேபியோசாவை, சிங்கப்பூரில் பூக்கவைக்கலாம். ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற முடியாது. அதை ஒரு பருவச் செடியாக நினைத்து வளர்த்தால் ஏமாற்றம் இருக்காது. வெயில் இதற்குப் பகையே இல்லை. இரவிலும் தணியாத வெக்கையும், தண்டின் அடியில் தங்கும் ஈரமும்தான் இதைச் சாகடிக்கின்றன.

விதை வாங்கும்போது பொட்டலத்தில் எந்த இனம் என்று பாருங்கள். நமக்கு ஏற்றது அட்ரோபர்பூரியா. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்தது, விதைத்து மூன்று மாதத்தில் பூத்துவிடும். கொலும்பேரியா வகையான ‘பட்டர்ஃபிளை புளூ’ குட்டையாக வளரும், தொட்டிக்கு அழகு. நாற்றாகக் கிடைத்தால் வாங்கலாம். பெரிய நீலப் பூ தரும் காக்கசிகா குளிர்ந்த மலைநாட்டுச் செடி. படத்தைப் பார்த்து மயங்கி அதை வாங்காதீர்கள், இங்கே தேறாது.

நவம்பர் தொடக்கத்தில் விதையுங்கள். மழை அதிகமான டிசம்பரில் நாற்று கூரைக்கடியில் இருக்கும். இரவு சற்றே குளிரும் டிசம்பர், ஜனவரியில் செடி உடல் தேறும். மழை குறைந்த பிப்ரவரியில் பூ வரும். ஏப்ரலில் விதைத்தால் ஆண்டின் மிகச் சூடான வாரங்களில் நாற்று தவிக்கும்.

இடத்தையும் இந்தப் பருவத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் நேர்வெயிலே விழாது. தெற்கு அல்லது கிழக்குப் பார்த்த இடம் வேண்டும், குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். தொட்டியைத் தாழ்வாரத்தின் வெளிப்பக்கமாகத் தரையில் வையுங்கள், நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் வைக்கவே கூடாது. காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கு ஆபத்து.

விதை முளைக்க 18 முதல் 22 டிகிரி போதும். வீட்டில் இரவு ஏர்கான் ஓடும் அறை இருந்தால் அங்கேயே முளைக்க விடுங்கள். வேரைக் கலைத்தால் பிடிக்காத செடி என்பதால் அடியில் ஓட்டையிட்ட காகிதக் குவளையில் இரண்டிரண்டு விதையாக, 3 மில்லிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும். முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாள் தள்ளிப்போனாலும் நூலாக நீண்டு சாய்ந்துவிடும். பழைய தொட்டி மண்ணை விதைக்குப் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள பூஞ்சை நாற்றைத் தண்டோடு அழுகவைக்கும்.

நான்கைந்து இலை வந்ததும் 20 சென்டிமீட்டர் அகல, ஆழத் தொட்டிக்கு ஒரு செடி வீதம் மாற்றுங்கள். மெருகுப் பூச்சு இல்லாத மண்தொட்டிதான் நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் உலரும். கலவை: இரண்டு பங்கு தொட்டி மண், ஒரு பங்கு பெர்லைட் (பொரி போல இலேசான வெள்ளைக் கல்துகள்), ஒரு பங்கு பருமணல். கடைக் கலவைகள் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையவை, இதற்கோ சுண்ணாம்பு நிலம் பிடிக்கும். ஆகவே லிட்டர் கலவைக்கு 2 அல்லது 3 கிராம் டோலமைட் தூள், அதாவது ஒருவகைச் சுண்ணாம்புக் கல்தூள், சேருங்கள். நடும்போது இலைகள் கிளம்பும் கழுத்துப் பகுதி மண்மட்டத்துக்கு ஒரு விரல்நுனி மேலே நிற்கட்டும். கழுத்தில் மண் ஏறினால் அழுகிவிடும்.

விரலை 3 சென்டிமீட்டர் உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் காலையில் தண்ணீர், அதுவும் இலைமேல் படாமல். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம், தொட்டியைக் கட்டைமேல் உயர்த்தி வையுங்கள். தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது அதில் தேங்கும் நீரைக் கவிழ்த்துவிடுங்கள். மேல்மண் இறுகினால் அதன்மேல் நிற்கும் நீரிலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், கிளறிவிடுங்கள்.

உரம் குறைவாகவே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பூச்செடிக்கான திரவ உரம் பாதி அளவில். தழைச்சத்து கூடினால் இலை மட்டும் தழைக்கும். செடி 10 சென்டிமீட்டர் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக்கிளைகள் வரும்.

வாடிய பூவை வெட்டிக்கொண்டே இருந்தால்தான் அடுத்தது வரும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: புது மொட்டும் பச்சை, இதழ் உதிர்ந்த தலையும் பச்சை. மொட்டு மேலே தட்டையாக இருக்கும். முடிந்துபோன தலை உருண்டு கூம்பாக எழும்பும், தடவினால் கரிய முட்கள் உறுத்தும். அதைக் கீழே உள்ள இலைக்கணுவரை வெட்டுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் தாகமென்று நினைத்து நீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகுகிறது. உருவிப் பார்த்து வேர் பழுப்பாகக் கொழகொழத்திருந்தால் எறிந்துவிடுவதே சரி. மழைபடாத தாழ்வாரத்தில் சிலந்திப்பேன் வரும், இலையில் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளி தெரியும். கணுவில் வெண்பஞ்சு போலிருப்பது மாவுப்பூச்சி. இரண்டுக்கும் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. மாலையில் இலையடியில் தெளியுங்கள்.

வேறு ஊரில் உறவினர் வளர்ப்பதாக இருந்தால் கணக்கு மாறும். மலேசியாவின் கேமரன் மலையிலும் ஊட்டியிலும் குளிர் சாதகமானது. தேயிலை விளையும் புளிப்பு மண்தான் தடை, சுண்ணாம்பு சேர்க்காமல் நடக்கூடாது. மதுரை, திருச்சி வெயிலில் அக்டோபரில் விதைத்துக் கோடைக்குமுன் பூவெடுக்கலாம். லண்டனில் மார்ச்சில் வீட்டுக்குள் விதைத்து, உறைபனி ஓய்ந்த மே பிற்பகுதியில் வெளியே நடலாம். அங்கே கொலும்பேரியாவும் காக்கசிகாவும் பல ஆண்டு வாழும். அங்கும் குளிர்காலத்தில் அவற்றை அழிப்பது பெரும்பாலும் பனியல்ல, ஈரம் வடியாத மண்.

பூக்கடையில் பின்குஷன் என்ற பெயரில் விற்கும் ஆரஞ்சு நிறப் பெரிய பூ தென்னாப்பிரிக்க லுகோஸ்பெர்மம். அதற்குப் புளிப்பு மண் வேண்டும், பாஸ்பரஸ் உரம் நஞ்சு. மேலே சொன்ன கலவையில் அதை நடாதீர்கள்.

ஏப்ரலில் இலை மஞ்சளித்துப் பூ சிறுத்தால் ஸ்கேபியோசாவைப் பிடுங்கிவிடுங்கள். அந்தத் தொட்டியில் மண்ணை மாற்றி வாடாமல்லி விதையுங்கள். வெக்கை அதற்கு உகந்தது, இரண்டரை மாதத்தில் பூக்கும்.