ஒர்க்‌ஷாப் போயிட்டு வந்ததும் வண்டில புதுசா கோளாறா? மொதல்ல கை பட்ட இடத்தப் பாருங்க

சர்வீஸ் முடிஞ்சு எடுத்துட்டு வந்த கார், விடும்போது இல்லாத ஒரு சத்தமோ, எஞ்சின் விட்டு விட்டு ஓடற மிஸ்ஸிங்கோ, மீட்டர்ல செக் எஞ்சின் லைட்டோ காட்டுச்சுன்னா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, ஒண்ணு மெக்கானிக்க திட்டிட்டு வேற ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போறாங்க, இல்லன்னா யாரோ சொன்னாங்கன்னு ஒரு சென்சார வாங்கி மாட்டிப் பாக்கறாங்க. தயவுசெஞ்சு ரெண்டும் வேணாம். நேத்து வரைக்கும் நல்லா ஓடுன சென்சார் இன்னைக்கு காலைல தானா செத்துப்போறது ரொம்ப அபூர்வம், ஆனா கழட்டுன ஒரு கப்ளர், அதாவது வயர சொருகற பிளாஸ்டிக் முனை, சரியா மாட்டாம இருக்கறது தினமும் நடக்கறது. புது பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி கை எங்க பட்டுச்சுன்னு கண்டுபிடிங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

கை பட்ட இடம்னா மாத்துன பார்ட் மட்டும் இல்ல, அந்த பார்ட்ட எட்டறதுக்கு என்னென்ன ஒதுக்குனாங்களோ அதெல்லாமும்தான். கிளட்ச் வேலைன்னு பில்லுல ஒரு வரி இருக்கும், ஆனா அதுக்கு நிறைய வண்டில பேட்டரி ட்ரே, ஏர் ஃபில்டர் பாக்ஸ், செல்ஃப் மோட்டார், ரிவர்ஸ் சுவிட்ச் வயர், கியர் பாக்ஸ்ல மாட்டியிருக்கற எர்த் வயர் இத்தனையும் கழண்டு வந்துருக்கும். அதனால வண்டி விட்ட இடத்துக்கு போன் போட்டு, "அண்ணே, என்ன மாத்துனீங்க"ன்னு கேக்காம "என்னென்ன கழட்டுனீங்க"ன்னு கேளுங்க. குமுளிப் பக்கம் சேட்டன்மார் ஒர்க்‌ஷாப்னாலும் சரி, கம்பம் பைபாஸ் ஒர்க்‌ஷாப்னாலும் சரி, சண்டை போடற குரல்ல கேட்டா யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க, சாதாரணமா கேட்டா வேலை பாத்த பையனையே கூப்ட்டு போன குடுப்பாங்க, அவன் சொல்றதுதான் உங்களுக்கு வேணும்.

அடுத்து பானட்ட தெறந்து எஞ்சின் ஆஃப்ல, ஆறின வண்டில, கண்ணாலயும் விரலாலயும் பாருங்க. ஏர் ஃபில்டர் மாத்துனாங்கன்னா மொதல்ல அந்த பாக்ஸ். முன்னாடி இருக்கற கிளிப்ப எல்லாரும் போடுவாங்க, பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கறது போடாம விட்டுப்போகும், கைய விட்டு தடவிப் பாத்தாதான் தெரியும், மூடி ஒரு ஓரம் லேசா தூக்கிட்டு நிக்கும், ஃபில்டரத் தாண்டி உள்பக்கம் தூசிக் கோடு விழுந்திருக்கும். அந்த பாக்ஸ்லயோ அதுல இருந்து எஞ்சினுக்குப் போற பைப்லயோ ஒரு சின்ன சென்சார் இருக்கும், அதோட கப்ளர அமுக்குனா 'டிக்'னு சத்தம் வரணும், பின்னாடி மெதுவா இழுத்தா வரக்கூடாது. பழைய வண்டில சூட்டுல காஞ்சு லாக் ஒடஞ்சிருக்கும், பாக்க மாட்டுன மாதிரியே இருக்கும், ஆனா உள்ள பின் தொடாது. பைப்போட கிளாம்ப் லூசா, மெல்லிசு வேக்குவம் ஹோஸ் ஏதும் கழண்டு தொங்குதான்னும் பாருங்க, ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம எஞ்சின் ஓடற வேகம், ஏறி இறங்கிட்டே இருந்தா முக்காவாசி இதுதான்.

ஸ்கேனர் பத்தி. ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கற சாக்கெட்ல சொருகற ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வச்சுக்கறது நல்லது, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டின்னா கட்டாயம் உதவும். ஆனா அது காட்டற கோளாறு கோட அழிக்காதீங்க, மொதல்ல போட்டோ எடுங்க. பி0113 வந்தா உள்ள போற காத்தோட சூடு பாக்கற சென்சார் லைன் தொடர்பு விட்டுருக்கலாம், பி0102 வந்தா காத்து அளக்கற சென்சார், பி0301 முதல் பி0304 வரைன்னா எந்த சிலிண்டர் மிஸ்ஸாகுதுன்னு கடைசி நம்பரே சொல்லிடும், ப்ளக் மாத்துன வண்டில அந்த சிலிண்டர் ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கற காயிலோட கப்ளர்ல கை வைங்க. கோட் காட்டறது அந்த சர்க்யூட்டத்தான், அந்த பார்ட் போச்சுன்னு அர்த்தம் இல்ல, இத நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, ஏன்னா இந்த எடத்துலதான் காசு வீணாப் போகுது.

பேட்டரி கழட்டி மாட்டுன பிறகு ஐடிலிங் கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருக்கறது, பவர் விண்டோ ஆட்டோ வேலை செய்யாதது, சில வண்டில ஸ்டியரிங் லைட் எரியறது இதெல்லாம் கோளாறு இல்ல, வண்டி பழையத மறந்துருக்கு அவ்வளவுதான், மேனுவல்ல சொல்ற மாதிரி செட் பண்ணா போயிடும். ஆனா செல்ஃப் மந்தமா சுத்துதுன்னா டெர்மினலயும் எர்த் வயரயும் பாருங்க. மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ண எஞ்சின் இரும்புலயும் வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, அரை வோல்ட்டத் தாண்டுச்சுன்னா எர்த் சரியா முறுக்கல. எஞ்சின் ஓடும்போது பேட்டரில பொதுவா 13.8ல இருந்து 14.5 வோல்ட் வரை வரணும்.

நம்ம ஊருக்கு முக்கியமானது கூலண்ட். வாட்டர் பம்போ ஹோஸோ தெர்மோஸ்டாட்டோ மாத்தி, உள்ள சிக்குன காத்த சரியா வெளியேத்தாம குடுத்தா கூடலூர், கம்பம் சமதளத்துல ஒண்ணுமே தெரியாது, லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது ரெண்டாவது கியர்ல டெம்பரேச்சர் முள்ளு மேல போகும். அப்ப ஹீட்டர ஃபுல் சூட்டுல வைங்க, சூடான எஞ்சின்ல ஹீட்டர் பச்சத் தண்ணி மாதிரி காத்து ஊதுச்சுன்னா கூலண்ட் கொறைவு இல்லன்னா உள்ள காத்து அடைச்சிருக்கு (ஏர் லாக்). ஓரங்கட்டி நிறுத்திடுங்க, மூடியத் தெறக்கவே தெறக்காதீங்க, மூஞ்சியெல்லாம் வெந்துடும். முழுசா ஆறின பிறகு முன்பக்கம் மேட்டுல இருக்கற மாதிரி நிறுத்தி, கூலண்ட் ஊத்தி, ஹீட்டர் ஆன்ல ஃபேன் ஓடி நிக்கற வரைக்கும் ஐடிலிங்ல விட்டா பெரும்பாலும் காத்து வெளிய வந்துடும், சில வண்டில அதுக்குன்னே ஒரு ஸ்க்ரூ இருக்கும். கொறைஞ்ச அளவ மறுபடி ஆறவச்சு ஊத்தணும்.

பிரேக் வேலை பாத்துருந்தா சோதனைய மலைல வைக்காதீங்க. வண்டி நகர்றதுக்கு முன்னாடியே பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு கெட்டியா நிக்குதான்னு பாருங்க, பஞ்சு மாதிரி உள்ள போனா பிரேக் லைன்ல காத்து புகுந்திருக்கு, ஓட்டாதீங்க, அவங்களையே வீட்டுக்கு வரச் சொல்லுங்க. கெட்டியா இருந்தா சமதளத்துல கொஞ்ச தூரம் போயிட்டு நாலு வீல் பக்கத்துலயும் கைய கொண்டுபோங்க, தொட வேணாம், ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அந்த வீல் பிடிச்சுக்கிட்டு ஓடுது. ஏபிஎஸ் லைட் எரிஞ்சா கழட்டுன வீலோட சென்சார் வயர் நசுங்கியிருக்கலாம். வீல் கழட்டி மாட்டுன வண்டில 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள நட்ட திரும்ப முறுக்கிடணும்.

ஆயில் மாத்துன வண்டிக்கு அடில ராத்திரி ஒரு அட்டைய விரிச்சு வைங்க. காலைல சொட்டு இருந்தா ட்ரெய்ன் போல்ட் வாஷர், இல்லன்னா பழைய ஃபில்டரோட பேக்கிங் எஞ்சின்லயே ஒட்டியிருக்க அது மேலயே புதுச முறுக்கிட்டாங்க. ஆயில் லைட் எரிஞ்சா அந்த நிமிஷமே ஆஃப் பண்ணுங்க, டோ பண்றதுக்கு ஆகற செலவு எஞ்சின் செலவுல ஒரு மூலைக்கு வராது.

டீசல்ல ஃபில்டர் மாத்தி ஸ்டார்ட் ஆகாம முனகுனா பைப்ல காத்து, ஹேண்ட் பம்ப் இருந்தா கெட்டியாகற வரைக்கும் அமுக்குங்க. மழைல மட்டும் பெல்ட் கத்துனா, அதான் குமுளில தூறல் விழுந்து கூடலூர்ல வெயில் அடிக்கும் பாருங்க அந்த மாதிரி நாள்ல, எஞ்சினுக்கு கீழ இருந்த பிளாஸ்டிக் கவர மாட்டாம விட்டுட்டாங்களான்னு பாருங்க.

எல்லாமே அவங்க தப்பாவும் இருக்காது, சாகற நிலைல இருந்த ஹோஸ் அசைஞ்சதும் விட்டுருக்கலாம், புதுசா போட்ட பார்ட்டே மட்டமாவும் இருக்கலாம், அதனால கழட்டுன பழைய பார்ட்ட எப்பவும் கேட்டு வாங்கி வைங்க. நீங்க கண்டுபிடிச்சத கழட்டாம போட்டோ, வீடியோ எடுத்து, கிலோமீட்டர், பில், ஜாப் கார்டோட கொண்டுபோய்க் காட்டுங்க, நெறைய பேர் காசு வாங்காம சரி பண்ணிக் குடுத்துடுவாங்க. குடுக்கலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்புடலாம். கடை கேரளால இருக்கு நம்ம எப்படி அலையறதுன்னு விட்டுடாதீங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நீங்க குடியிருக்கற இல்ல வேலை பாக்கற ஊர்லயே புகார் குடுக்கலாம், கம்பத்துக்காரர் குமுளி கடை மேல தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், பிரச்சனை வந்த தேதில இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும்.