பங்காளிப் பகைக்கு ஒரு 555 புத்தகம்: குருசேடர் கிங்ஸ் 3 புதிதாக ஆடுகிறவர்களுக்கு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு என்ற வழக்கில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தின. இரண்டும் அண்ணன் தம்பி வழி. அதற்குப் பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர்ப் பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் போயின, நாங்கள் எல்லாரும் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் ஆளுக்கொரு வீடாகச் சிதறினோம். கல்யாண வீட்டில் மட்டும் அந்த இரு குடும்பமும் இன்றைக்கும் பந்தியின் இரு மூலைகளில்தான் உட்காருகின்றன. பரிவட்டம் கட்டிய கையும் இல்லை, கட்டிக்கொண்ட தலையும் இல்லை. பகை மட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது.

குருசேடர் கிங்ஸ் 3 ஆட ஆரம்பித்த முதல் வாரமே இந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பர் 1ஆம் தேதி வெளியிட்ட கணினி விளையாட்டு இது. வெளியிலிருந்து பார்த்தால் வரைபடமும் படையும்தான். உள்ளே போனால் முழுக்க முழுக்கச் சொந்தபந்தம். நீங்கள் ஒரு நாட்டை ஆடுவதில்லை, ஒரு மனிதரை ஆடுகிறீர்கள். அவர் இறந்தால் அவருடைய வாரிசாக மாறி ஆட்டத்தைத் தொடர்கிறீர்கள். 867இலோ 1066இலோ 1178இலோ தொடங்கி 1453 வரை இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போகலாம். எதிரி அடுத்த நாட்டு ராஜா என்று நினைத்து உட்காருகிறவர் பாதி ஆட்டத்தில் தம்பியிடம் தோற்றுப்போய் எழுந்திருப்பார்.

படி 1: விளையாட்டுக்கு முன்னால் ஒரு நோட்டு

மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்த 555 புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். யார் யாரைக் கொன்றார், யாருக்கு எந்த நிலம் கொடுத்தீர்கள், எந்த மைத்துனர் எதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதையெல்லாம் விளையாட்டு எங்கோ ஒரு மூலையில் வைத்திருக்கும், தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. 40 ஆண்டு ஓடிய பிறகு, தன்னைக் குத்தியவன் எவனுடைய பேரன் என்று தெரியாமல் என் சித்தப்பா மகன் விழித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

அடிப்படை விளையாட்டு மட்டும் போதும். 'பிரெண்ட்ஸ் அண்ட் ஃபோஸ்' என்ற நிகழ்வுத் தொகுப்பு 2022 செப்டம்பரில் வந்தது. இரு கிளைகளுக்கு இடையே பரம்பரைப் பகை மூளும் ஏற்பாடு அதில்தான் இருக்கிறது. அதை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. ஒரு மன்னரின் வாழ்க்கையையாவது முழுதாக ஆடி முடித்துவிட்டு, விலைக்குறைப்புக் காலத்தில் வாங்குங்கள். 'அயர்ன்மேன்' என்ற முறையை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போக வழியில்லை.

படி 2: யாரை ஆடுவது

தமிழர் எல்லாரும் சோழரைத்தான் தேடுவார்கள். நானும் தேடினேன். 1066இல் வீரராசேந்திரர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் ராசேந்திரன் 1025இல் கப்பல் அனுப்பித் தாக்கிய கடாரம் நம் கெடாதான். 2025 அக்டோபரில் வந்த விரிவாக்கத்துக்குப் பிறகு நம் பக்கத்துத் தீபகற்பமும் வரைபடத்தில் சேர்ந்துவிட்டது. ஆசை யாரை விட்டது? ஆனால் பேரரசு என்பது பெரிய கூட்டுக் குடும்பம். ஆரம்பத்திலேயே அத்தனை சிற்றரசர்களின் மனநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் பிள்ளையின் பெயரே மறந்துவிடும். ஒரு மாதம் கழித்து வாருங்கள், சோழர் எங்கும் போய்விட மாட்டார்கள்.

இப்போது அயர்லாந்துக்குப் போங்கள். 1066, மன்ஸ்டர், சிற்றரசர் முர்காட். விளையாட்டின் பயிற்சிப் பாடமே இவரை வைத்துத்தான் நடக்கிறது. பாடம் சொல்லிக்கொடுக்கச் சாதுவான ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இந்தக் குடும்பத்தின் உண்மை வரலாற்றை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முர்காட்டின் தாத்தா பிரையன் போரு 1014இல் கிளான்டார்ஃப் போரில் இறந்தார். அவருடைய மகன்களில் டைக், டொன்னகா என்ற இருவருக்கும் பங்காளித் தகராறு முற்றியது. 1023இல் டைக் கொல்லப்பட்டார். தூண்டிவிட்டது தம்பி டொன்னகா. டைக்கின் மகன் டர்லோ மறக்கவில்லை. 40 ஆண்டு கழித்து, 1063இல், சித்தப்பாவை ஆட்சியிலிருந்து இறக்கிவிட்டார். டொன்னகா ரோமாபுரிக்கு யாத்திரை போய் அங்கேயே கண்ணை மூடினார். அவருடைய மகன்தான் நம் முர்காட். வரலாற்றில் அவரும் 1068இல் கொல்லப்பட்டார். விளையாட்டோ இந்தத் தோற்ற கிளையின் கையில் மன்ஸ்டரைக் கொடுத்து, ஆடிப் பார் என்கிறது.

படி 3: தலைகளை எண்ணுங்கள்

ஆட்டம் திறந்ததும் இடைவெளிப் பொத்தானை அழுத்தி நேரத்தை நிறுத்துங்கள். திரையின் கீழே இடப்பக்கம் இருக்கும் உங்கள் முகத்தைச் சொடுக்கினால் பெற்றோர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் வரிசையாக நிற்பார்கள். கேடயச் சின்னத்தைச் சொடுக்கினால் வம்ச மரம் விரியும்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'டைனஸ்டி' என்பது குலம். 'ஹவுஸ்' என்பது அதன் கிளை. ஒரே குலத்திலிருந்து புதுக் கிளை பிரியலாம். அது தனக்கென்று ஒரு தலைவரை வைத்துக்கொள்ளும். நம் வழக்கில் குலதெய்வம் ஒன்று, உலை தனித்தனி. விளையாட்டில் பரம்பரைப் பகை கிளைக்கும் கிளைக்கும் நடப்பது என்பதால், உங்கள் கிளையில் உயிரோடு இருக்கும் ஆண், பெண், குழந்தை அத்தனை பேரையும் எண்ணி 555இல் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணிக்கை ஐந்தாறுக்குள் இருந்தால் யாரோடும் பகை வேண்டாம். பிள்ளைகளைப் பெற்றுக் கல்யாணம் பேசுகிற வேலையைப் பாருங்கள். மகளைக் கொடுத்தால் சம்பந்தி படையோடு வருவார். அந்தக் கல்யாணத்தில் யாராவது இறந்துவிட்டால் கூட்டணியும் பெரும்பாலும் சேர்ந்தே போய்விடும் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

படி 4: சொத்துப் பிரிவினை

சண்டை உண்மையில் முளைக்கும் இடம் இதுதான். தொடக்க காலத்து வாரிசுச் சட்டம் பெரும்பாலும் 'கான்ஃபெடரேட் பார்ட்டிஷன்'. தகப்பன் இறந்தால் பட்டங்களும் நிலங்களும் மகன்களுக்குப் பங்காகும். அதோடு விடுவதில்லை. நீங்கள் இரண்டாவது அரசு ஒன்றை உருவாக்கும் அளவுக்கு நிலம் பிடித்திருந்தால், உங்கள் சாவுக்குப் பிறகு விளையாட்டே அந்த அரசை உருவாக்கி இளையவன் கையில் கொடுத்துவிடும். நீங்கள் கட்டிய வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பியதுபோல் இருக்கும்.

இதற்கு மருந்து மூன்று. இளையவனுக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு கோமகப் பட்டம் கொடுத்து அவனுடைய பங்கை முன்கூட்டியே தீர்க்கலாம். ஐரிஷ்காரர்களுக்கு 'டானிஸ்ட்' தேர்தல் முறை உண்டு. குலத்துக்குள்ளிருந்து வாரிசை வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டம் சிதறாது, ஆனால் உங்கள் மகனுக்கே வரும் என்று உத்தரவாதம் கிடையாது. மூன்றாவது, நீங்கள் குலத்தலைவராக இருந்தால் குலப்புகழைச் செலவழித்து ஒரு மகனை வாரிசுரிமையிலிருந்து நீக்குவது. மூன்றாவதை நான் விரும்புவதில்லை. நீக்கப்பட்டவன் செத்துப்போவதில்லை, பக்கத்து அறையில்தான் இருக்கிறான்.

படி 5: குடுமியைப் பிடியுங்கள், கழுத்தை வேண்டாம்

சபையில் ஒற்றர் தலைவர் ஒருவர் இருப்பார். அவரிடம் இரகசியம் தேடும் வேலையைக் கொடுங்கள். யாருடைய கள்ளத்தொடர்போ பழைய கொலையோ கிடைத்தால் அதைக் காட்டி மிரட்டலாம்; கையில் ஒரு 'ஹூக்' விழும். நான் அதைப் பிடி என்கிறேன். பலவீனமான பிடி ஒருமுறைக்குத்தான். வலுவான பிடியை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். முறைத்துக்கொண்டிருக்கும் பங்காளியை வாயடைக்க இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

புதியவர்கள் இதை விட்டுவிட்டுக் கொலைச் சதிக்குத் தாவுகிறார்கள். நானும் அப்படித்தான் தாவினேன். என் மன்னர் முர்காட்டின் மகன். இறந்துபோன தம்பியின் பிள்ளைக்கு நான்கு வயது. அவன் கையில் இரண்டு நல்ல கோமகங்கள். அவன் போனால் நிலம் எனக்கு. இரவு பதினொன்றரை, மேசையில் ஆறிப்போன தே தாரிக். வெற்றி வாய்ப்பு 80க்கு மேல் காட்டியது. அதன் கீழே இரகசியம் காக்கப்படும் வாய்ப்பு என்று இன்னொரு எண் இருந்தது. அது ஏறக்குறைய பாதி. அந்த எண்ணை நான் பார்க்கவேயில்லை. அழுத்தினேன். பிள்ளை இறந்தான். மறுகணமே செய்தி வெளியே வந்தது. உறவினரைக் கொன்றவன் என்ற பட்டம் என் முகத்தின் கீழ் ஒட்டிக்கொண்டது. என் மன்னர் இரக்கக் குணமுள்ளவர் வேறு. மன அழுத்தம் சர்ரென்று ஏறி 100ஐத் தாண்டியது. 400 வரை போகும் அளவுகோல் அது, ஒவ்வொரு நூறிலும் மனம் ஒருமுறை உடையும். அவர் குடிக்க ஆரம்பித்தார். மனைவி பேசவில்லை. சிற்றரசர்கள் இரண்டு ஆண்டுக்குள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளையை, அதுவும் இரண்டு துண்டு நிலத்துக்காக. கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆக, அழுத்துவதற்கு முன் இரண்டு எண்ணையும் பாருங்கள். உங்கள் ஆளின் குணத்தையும் பாருங்கள். கொடூரத்தில் இன்பம் காணும் குணமுடையவருக்கு இதே கொலை மனதை இலேசாக்கும். இரக்கமுள்ளவரை வைத்துக்கொண்டு இதில் இறங்கக் கூடாது.

படி 6: பரம்பரைப் பகை வந்துவிட்டால்

'பிரெண்ட்ஸ் அண்ட் ஃபோஸ்' தொகுப்பை வாங்கிய பிறகு, ஒரு கிளைக்காரர் இன்னொரு கிளைக்காரரின் கையால் இறப்பதுபோல் ஏதாவது நடந்தால் பகை மூளும். அதன்பின் அது இரண்டு ஆட்களின் விவகாரம் இல்லை, இரண்டு வீட்டு விவகாரம். உடனே செய்ய வேண்டியவை சில: ஒற்றர் தலைவரை எதிரிகளின் சதியைக் குலைக்கும் வேலைக்கு மாற்றுங்கள். 555இன் முதல் பக்கத்தைத் திறந்து இரு பக்கத்துத் தலைகளையும் மறுபடி எண்ணுங்கள். வாரிசுக்கு ஒரு தம்பியாவது இருக்கிறானா என்று பாருங்கள். பதிலடி பிறகு.

இந்த ஏற்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எங்கள் தாமானிலேயே ஒருமித்த கருத்து இல்லை. செம்பனை ஆலையில் இரவு வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்கு இது போதவில்லை. "அண்ணே, கணினி ஆடும் வீட்டுக்காரன் ரெண்டு கொலைக்குப் பிறகு சோர்ந்துபோய்விடுகிறான். நான் மட்டும்தான் பகையைச் சுமக்கிறேன்" என்கிறான். ஈப்போவில் படிக்கும் அக்கா மகளுக்கு எதிர்மாறான குறை. "நான் யாரையும் தொடவில்லை மாமா, எவனோ என் தாத்தாவின் தம்பி பேரன் செய்ததற்கு என் பிள்ளை ஏன் சாக வேண்டும்?" நியாயமான கேள்விதான். டர்லோவைக் கேட்டிருந்தால் அவரும் இதையேதான் கேட்டிருப்பார் என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லோரி ஓட்டும் எங்கள் பெரிய மாமாவோ ஆடுவதில்லை, பின்னால் நின்று பார்ப்பார். "சமாதானத்துக்குப் பெரிய மனுசன் எங்கேடா?" என்று அவர் கேட்டது ஒன்றுதான் எனக்குப் பெரிய விமர்சனமாகப் பட்டது.

என் குறை வேறு. இந்த விளையாட்டில் பகைக்கு இரத்தம் வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த பகைகளுக்கு அது தேவைப்பட்டதேயில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் கீழே போட்டுவிட்டார்கள், பந்தியில் இரண்டாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள், பரிவட்டத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டார்கள். அவ்வளவு போதும், மூன்று தலைமுறைக்குத் தாங்கும். விருந்தில் இடம் மாற்றி உட்காரவைத்ததற்காக ஒரு ஐரிஷ் கிளை என்மேல் கறுவிக்கொண்டு 50 ஆண்டு இருந்தால் நான் இன்னும் பயந்து ஆடுவேன்.

அக்கா மகள் இப்போது டர்லோவின் பேத்தியை முர்காட்டின் பேரனுக்குப் பேசி முடித்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு ஏழு. இருவரும் பதினாறைத் தொடும்வரை இரண்டு வீட்டிலும் ஒரு சாவு விழக் கூடாது. நேற்று இரவு ஆட்டத்தை நிறுத்தும்போது இன்னும் ஒன்பது ஆண்டு பாக்கி இருந்தது.