ஐ.டி.ஐ. சீர்திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே மாதம், 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை (தொழிற்பயிற்சி நிலையங்களை) மேம்படுத்த ₹60,000 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே இறங்கிவிட்டது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைச் சுமார் ₹2,877 கோடியில் தொழில் 4.0 மையங்களாக, அதாவது கணினியும் ரோபோவும் சார்ந்த நவீன உற்பத்தியைக் கற்றுத்தரும் இடங்களாக மாற்றும் திட்டத்தில் முதல் மையங்கள் 2023இல் திறக்கப்பட்டன. தொழிற்கல்விக்கு இவ்வளவு பணம் வருவது மகிழ்ச்சியான விஷயம். அதன் பலன் பத்து வருடம் கழித்தும் நிற்க வேண்டுமானால், ஐ.டி.ஐ.யை ஒரு தனிக் கட்டடமாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். மாணவர், பயிற்றுநர், பட்டறை, தேர்வு, தொழிற்சாலையிலேயே வேலை பழகும் அப்ரண்டிஸ் பயிற்சி, வேலை கொடுக்கும் கம்பெனி, அங்கே கிடைக்கும் சம்பளம், அந்தச் சம்பளத்தை விசாரித்துவிட்டுப் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பெற்றோர் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால், மற்றவை அதைப் பழைய நிலைக்கே இழுத்து வந்துவிடும்.

அதிகம் நடக்கும் தவறு, இயந்திரத்தை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரமும் ரோபோவும் ஒருமுறைச் செலவு. திறப்பு விழா வைக்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் வெல்டர் ட்ரேடில் (தொழிற்பிரிவில்) சேர்ந்த பையனுக்குக் கை படிய வேண்டுமானால் தினமும் வெல்டிங் ராடு எரிக்க வேண்டும், வெட்டி ஒட்ட இரும்புத் துண்டு வேண்டும். கடைசல் வேலை பழகும் டர்னருக்கு, இரும்பைச் செதுக்கும் டூல் பிட் தேய்ந்துகொண்டே இருக்கும். இவை மாதாமாதம் வரும் செலவுகள். பணத்தைக் குறைக்க நினைத்தால் கை வைப்பதற்கு எளிதானவையும் இவைதான். பயிற்றுநர் விஷயமும் அப்படியே. பல மாநிலங்களில் அந்தப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. சென்னை கிண்டியில் இருப்பது போன்ற தேசியத் திறன் பயிற்சி நிலையங்களில் ஒரு வருடப் பயிற்றுநர் பயிற்சி இருக்கிறது. ஆனால் தொழிற்சாலையில் நன்றாகச் சம்பாதிக்கும் டெக்னீஷியனை, குறைந்த சம்பளத் தற்காலிகப் பணிக்கு வாருங்கள் என்றால் எப்படி வருவார்? சொல்லித்தர ஆள் இல்லாமல் இயந்திரம் சும்மா நிற்கும், மாணவனுக்குக் கை வராது, கம்பெனி அவனை மதிக்காது, அடுத்த வருடம் சேர்க்கை குறையும். அப்புறம், “மாணவர்களே வருவதில்லையே” என்று ஒதுக்கீட்டையும் குறைப்பார்கள். இந்தச் சுழலை உடைக்கப் புது இயந்திரத்தால் முடியாது. பயிற்றுநருக்கு நிரந்தரப் பணியும், பட்டறைப் பொருட்களுக்குத் தடையில்லாத பணமும் வேண்டும். என்னைக் கேட்டால், வேறெதற்கும் முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது, தலைக்கணக்கு. அமைப்புகளைப் பற்றி ஆழமாக எழுதிய டொனெல்லா மெடோஸ், தவறான இலக்கை வைத்தால் அமைப்பு கீழ்ப்படிந்து அந்தத் தவறான இலக்கையே எட்டிவிடும் என்று எச்சரித்தார். 2015இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் திட்டத்தின் ஆரம்ப வருடங்களில் இதைக் கண்ணால் பார்த்தோம். எத்தனை பேருக்குச் சான்றிதழ் என்பதே இலக்கானதும், குறுகிய காலப் பயிற்சிகள் பெருகின. வேலை அந்த அளவுக்குப் பெருகவில்லை. துறைகளின் தேவையைப் பார்க்காமல் எண்ணிக்கையைத் துரத்தியதை 2017இல், மத்திய அரசே அமைத்த சாரதா பிரசாத் குழுவும் சுட்டிக்காட்டியது. ஆஃபர் லெட்டர் கொடுத்த நாளோடு கணக்கை முடிக்காமல், ஒரு வருடம், மூன்று வருடம் கழித்து அந்த மாணவர் அதே தொழிலில் இருக்கிறாரா, என்ன சம்பளம் வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். அந்தப் பதில் அமைச்சகக் கோப்போடு நின்றுவிடாமல், பாடம் நடத்திய பயிற்றுநரின் கைக்குப் போக வேண்டும்.

காலதாமதத்தையும் மறந்துவிடுகிறோம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருட ட்ரேடுகள். இன்று ஒரு துறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, அங்கீகாரம் வாங்கி, சேர்க்கை நடத்தி, முதல் அணி வெளியே வருவதற்குள் சந்தை மாறியிருக்கும். அதனால் வருடா வருடம் ட்ரேடுகளைத் திறந்து மூடுவதைவிட, வரைபடம் படிப்பது, துல்லியமாக அளப்பது, மின் அடிப்படை ஆகியவற்றை ஆழமாகக் கற்றுக்கொடுத்து, மேலே மின்வாகனம் போன்ற சிறு பகுதிகளை மாற்றிக்கொண்டே போவது பாதுகாப்பானது.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் “பெற்றோரின் மனநிலை மாற வேண்டும்” என்று விழிப்புணர்வு முகாம் நடத்துவது இன்னொரு தவறு. ஐ.டி.ஐ. முடித்தவரை ட்ரெய்னி என்றும் கான்ட்ராக்ட் என்றும் சேர்த்து, காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த அணியை எடுத்தால், ஊரில் அந்தச் செய்தி பரவத்தான் செய்யும். பெற்றோர் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். அப்ரண்டிஸ் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் ₹1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினார்கள் என்பதோடு இந்த உதவியை இணைத்தால், கம்பெனிகளின் நடத்தை மாறும் வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக, ஜெர்மனியின் தொழிற்பயிற்சி முறையைப் பாதி மட்டும் நகலெடுப்பது. வாரத்தில் சில நாள் வகுப்பு, மீதி நாள் தொழிற்சாலை என்பது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. அதைத் தாங்கி நிற்பது 1969 தொழிற்பயிற்சிச் சட்டமும், நிறுவனங்கள் கட்டாயம் உறுப்பினராக இருக்க வேண்டிய தொழில் வர்த்தகச் சபைகளும். தேர்வு நடத்துவது அந்தச் சபைகள்தான். தேர்வுக் குழுவில் முதலாளி, தொழிலாளி, ஆசிரியர் மூன்று தரப்பும் உட்கார்கிறார்கள். நம் அப்ரண்டிஸ் சட்டம் 1961இலிருந்தே இருக்கிறது. இப்போதைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். ஆனால் கோவையின் பம்ப் பட்டறைகளிலும் அம்பத்தூரின் உதிரிபாகப் பட்டறைகளிலும் பெரும்பாலும் அத்தனை பேர் இருப்பதில்லை. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்த பையனைப் பெரிய கம்பெனி கூட்டிக்கொண்டு போய்விடும் என்ற பயமும் இந்தப் பட்டறை முதலாளிகளுக்கு உண்டு, நியாயமான பயம். பத்துப் பட்டறைகள் சேர்ந்து அப்ரண்டிஸ்களை எடுத்து, செலவைப் பகிர்ந்து, சில மாதத்துக்கு ஒருமுறை பட்டறை மாற்றிப் பழக்கினால், ஒருவர் போனாலும் நஷ்டம் ஒரே முதலாளியின் தலையில் விழாது. கோவையின் கொடிசியா, அம்பத்தூரின் ஐமா போன்ற தொழில் சங்கங்களால் இதை ஒருங்கிணைக்க முடியும். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடும் இடத்திலும் இந்தப் பட்டறைகளின் மூத்த தொழிலாளர்களை உட்கார வைக்க வேண்டும்.