மாதிரியில் ஒரு மில்லிமீற்றர், கட்டும்போது இரண்டு சென்ரிமீற்றர்: செயற்கைப் பாறை மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோட்டல் நீச்சல் குளத்தருகே அருவி விழுகிற பாறையைத் தட்டிப் பாருங்கள். சில நேரம் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்கும். கம்பிக்கூடு, அதன்மேல் வலை, வலைமேல் சீமெந்துச் சாந்து, சாந்து இறுகுமுன் செதுக்கிய வெடிப்பு, கடைசியில் நிறம். அந்தப் பாறை இவ்வளவுதான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கட்டுவதற்கு முன் மேசையில் வைக்கும் அளவில் ஒரு மாதிரி செய்வோம். அதை அளந்துதான் கம்பி வளைப்பார்கள். அதனால் மாதிரியில் விட்ட பிழை மேசையோடு நிற்காது, சீமெந்தாகி விடும்.

நான் செய்த பெரிய தவறு, உண்மைக் கல்லை மாதிரியில் அழுத்தியது. கடற்கரையில் பொறுக்கிய சொரசொரப்பான கல் ஒன்றைப் பிளாஸ்டிசின் முழுக்க அழுத்தி எடுத்தேன். அச்சொட்டாகப் பாறை போலவே இருந்தது. வேலை தந்தவருக்கும் நல்லாப் பிடித்துவிட்டது. அப்புறம் தளத்தில் மேசன் அண்ணை அதைக் கையில் எடுத்து, ஒரு வெடிப்பில் தீக்குச்சியை நுழைத்து, நகத்தால் அடையாளம் வைத்துக் காட்டினார். "தம்பி, இது எவ்வளவு ஆழம் வரும்?" அளவுத்திட்டம் 1:20. குச்சி போனது 5 மில்லிமீற்றர். கட்டும்போது அது 10 சென்ரிமீற்றர். அப்படி ஒன்று இரண்டு இல்லை, மாதிரி முழுக்க அதே பள்ளங்கள். அப்படியே கட்டியிருந்தால் முதலைத் தோல்தான் நின்றிருக்கும்.

மாதிரியை எவ்வளவு சுருக்கினாலும் அதில் அழுத்துகிற கல் சுருங்குவதில்லை. எனவே 1:20 மாதிரியில் பெரிய உருவத்தையும், முகங்களின் சாய்வையும், முக்கிய வெடிப்புகளையும் மட்டும் காட்டுங்கள். மேற்பரப்பு வழவழப்பாகத் தெரிந்தால், கசக்கிய அலுமினியத் தாளை மெல்ல ஒற்றினால் போதும். கல்லின் கரடுமுரடைக் காட்ட ஒரு மீற்றர் சதுரத்தில் உண்மை அளவிலேயே சாந்து பூசி, செதுக்கி, நிறம் தீட்டித் தனியாக ஒரு பலகை செய்யுங்கள். வேலை தருபவர் மாதிரிக்கும் பலகைக்கும் தனித்தனியே சம்மதம் சொல்லட்டும்.

அளவுத்திட்டத்தைக் கண்மூடித் தேர்வதும் தவறு. பாரிஸில் வன்சேன் விலங்குக் காட்சிச்சாலை 1934இல் திறந்தபோது கட்டிய செயற்கைப் பாறையின் உயரம் 65 மீற்றர். அதை 1:20இல் செய்தால் மாதிரியே 3.25 மீற்றர் நிற்கும். 1:100இல் 65 சென்ரிமீற்றர்தான், ஆனால் வெடிப்பு எதுவும் தெரியாது. நம் ஊர் வேலைகள் பெரும்பாலும் நாலைந்து மீற்றருக்குள் அடங்குவதால் 1:20 வசதி. எந்த அளவானாலும் முதலில் மட்டையில் ஓர் ஆளை வெட்டி நிறுத்துங்கள். 165 சென்ரிமீற்றர் ஆள் 1:20இல் 8.25 சென்ரிமீற்றர். ஆள் இல்லாத மாதிரியில் படிக்கட்டும் குகை வாசலும் எப்படியோ சிறுத்துவிடும். மாதிரியை மேலிருந்து பார்த்தே மெருகேற்றுவதும் இதனால்தான் நடக்கிறது. போன் கமராவை அந்த மட்டை ஆளின் கண் உயரத்துக்கு இறக்கிப் படம் எடுங்கள். விருந்தாளி பார்க்கப்போவது அதைத்தான்.

அடுத்தது உருளைக்கிழங்கு மூட்டையைக் கொட்டியது போன்ற பாறை. உருண்டைகளை அடுக்கி, இடையில் மனம்போன போக்கில் கீறுவார்கள். திருகோணமலைக் கோட்டைக்குள்ளால் ஏறிக் கோணேசர் கோயில் பக்கம் போய், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பாறை கண்டபடி பிளப்பதில்லை. ஒரு திசையில் ஒரு கூட்டம் வெடிப்பு, அதைக் குறுக்கறுத்து இன்னொரு கூட்டம் என்றுதான் பிளக்கும். அந்த வெடிப்புகளின் வழியே நீரும் காற்றும் மூலைகளைத் தின்னத்தான் கல் உருள்கிறது. உருண்டைக் கல்லுக்கும் ஒரு காலத்தில் மூலை இருந்தது. ஆகவே மாதிரிக்கான ரெஜிபோமை (வெள்ளை நுரைப் பலகையை) வெட்டும் முன் இரண்டு மூன்று திசைக் கோடுகளைப் பேனாவால் போட்டு, எல்லா வெடிப்பையும் அவற்றுக்கு அடங்க வையுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கல்லைப் போலவே மேசனின் கையும் சுருங்காது. ஊசியால் நீங்கள் கீறுகிற 1 மில்லிமீற்றர் இடுக்கு, கட்டும்போது 2 சென்ரிமீற்றர். அதற்குள் அவருடைய கையும் போகாது, சாந்தகப்பையும் போகாது. கம்பிக்கும் வலைக்கும் மேல் 8 சென்ரிமீற்றர் சாந்து ஏறினால், இரு பக்கமும் சேர்த்து 16 சென்ரிமீற்றர் இடைவெளி அடைபடும். கூடு அதற்கேற்ப உள்வாங்க வேண்டும் என்று வரைபடத்தில் எழுதிக் கொடுங்கள். பம்ப் கழற்ற ஆள் கைவிடும் வழியையும் மாதிரியிலேயே திறந்து காட்டுங்கள். பிறகு உடைத்துத் திறந்த இடத்தில் நிறம் ஒருபோதும் சேராது.

தண்ணீரும் அப்படித்தான். மாதிரியில் ஊற்றினால் துளி துளியாக ஒட்டி நிற்கும், விளிம்பில் தொங்கும். அதைப் பார்த்து அருவி எப்படி விழும் என்று முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் விழும் விளிம்பை மட்டும் உண்மை அளவில் செய்து, குழாய் பிடித்துப் பாருங்கள். விளிம்பின் அடியில் ஒரு சிறு வெட்டு இல்லாவிட்டால் நீர் பாறையோடு ஒட்டிப் பின்னுக்கு ஓடும். ஆனால் நீர் தேங்கும் குழிகளைக் கண்டுபிடிக்க மாதிரி நல்லது. இங்கே மாரி மழை தொடங்கினால் அந்தக் குழிகளில் நுளம்பு பெருகும். ஒவ்வொரு குழிக்கும் வடிகால் வழி வையுங்கள்.

நிறத்தையும் நிழலையும் ரியூப் லைட் வெளிச்சத்தில் தீர்மானிக்க வேண்டாம். மாதிரியை முற்றத்தில், தளத்தில் நிற்கப்போகும் அதே திசையில் வைத்து, காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

பொருட்களில் கவனம். ஸ்பிரே பெயின்றும் தின்னரும் ரெஜிபோமைக் கரைக்கும். களிமண் காயக் காயச் சுருங்கும், அளவு பிசகும். பிளாஸ்டிசின் சுருங்காது, ஆனால் வெயிலில் இளகும். மத்தியான வெயிலில் வாகனத்துக்குள் விட்டால் முன்தள்ளிய பகுதி மெல்லத் தொங்கிவிடும். மேசன் அந்தத் தொங்கலையும் நம்பிக் கட்டுவார். எனவே மாதிரி வீட்டை விட்டுப் போகும் முன், பக்கத்தில் அடிமட்டம் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்து, அந்தப் படங்களை அவருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.