பெர்ஃப் எண்கள் ஏன் தினம் ஒன்று காட்டின?

ராணிப்பேட்டை தோல் பதனிடும் பட்டறை ஒன்றுக்காக, தோலின் படத்தைப் பார்த்துப் பரப்பளவு கணக்கிடும் நிரல் எழுதினேன். அது மெதுவாக ஓடியது. லினக்ஸில் நிரலின் வேகத்தை அளக்கும் கருவியான பெர்ஃப் ஸ்டாட் போட்டால், ஒரே படத்துக்கு ஒவ்வொரு முறையும் கேஷ் மிஸ் (தேவையான தரவு பிராசசரின் வேக நினைவகத்தில் இல்லாமல் போவது) எண்ணிக்கை வேறு வேறாக வந்தது.

வேலூர் வெயிலில் பிராசசர் சூடாகி வேகம் குறைகிறதோ என்று ராத்திரியில் ஓட்டினேன். பிராசசரின் அதிர்வெண்ணை நிலையாக வைத்தேன். நிரலை பிராசசரின் ஒரே கோரில் மட்டும் ஓடும்படி கட்டினேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் பெர்ஃப் காட்டிய வரிக் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருந்த 33% கண்ணில் பட்டது. மொத்த நேரத்தில் அவ்வளவு நேரம்தான் அந்த நிகழ்வு எண்ணப்பட்டது என்று அர்த்தம். கேஷ் மிஸ் மாதிரி 12 நிகழ்வுகளை எண்ணச் சொல்லியிருந்தேன்; அவற்றை எண்ண என் பிராசசரில் விருப்பப்படி அமைக்கக்கூடிய கவுண்டர்கள் 4தான். கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) முறைபோட்டு மாற்றி மாற்றி எண்ணுகிறது; பெர்ஃப் அந்த எண்ணிக்கையை முழு நேரத்துக்கு விகிதப்படி பெருக்கிக் காட்டுகிறது. என் நிரலோ முதலில் படம் படிக்கும், பிறகு விளிம்பு தேடும். இரண்டின் குணமும் வேறு. மதிப்பீடு தப்பாமல் என்ன செய்யும்?

கணினி உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் என்எம்ஐ வாட்ச்டாக் வேறு ஒரு கவுண்டரைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை நிறுத்த, கெர்னல் டாட் என்எம்ஐ_வாட்ச்டாக் என்ற அமைப்பின் மதிப்பை 0 ஆக்கினேன். மும்மூன்று நிகழ்வாகப் பிரித்து ஓட்டினேன். சதவீதம் மறைந்தது, எண்கள் நிலைத்தன. நிரல் மெதுவாக ஓடியதற்கு, படத்தை நெடுவரிசையாகப் படித்த லூப்தான் காரணம் என்று தெரிந்தது. கிடைவரிசையாக மாற்றினேன், சரியாகிவிட்டது. அப்பாடா!