படிக்க மறுக்கும் தகட்டைப் படியெடுத்தல்

வீட்டு அலமாரியில் இருபது ஆண்டுகளாகக் கிடந்த திருமண வீடியோ தகட்டை, அதாவது சிடியையோ டிவிடியையோ, கணினியில் போட்டு, கோப்புகளைப் பிடித்து வன்தட்டுக்கு இழுத்துவிட்டால், பச்சைப் பட்டை பாதிவரை ஒழுங்காக ஓடும். பிறகு அது அப்படியே நிற்கும். டிரைவ் ஒருமுறை வேகமெடுத்துச் சுழலும், தணியும், மறுபடி வேகமெடுக்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்னும் சொற்களோடு விண்டோஸ் ஒரு பிழைச் செய்தி காட்டி, அதுவரை வந்த பகுதியையும் பெரும்பாலும் அழித்துவிடும். தகட்டின் ஒரு சிறு பகுதியில் படித்த தரவு, அதனுடன் எழுதப்பட்டிருந்த சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்பதே அந்தச் செய்தியின் பொருள். அந்தச் சிறு பகுதிக்குச் செக்டர் என்று பெயர். தரவுத் தகட்டில் ஒரு செக்டர் 2048 பைட் கொள்ளும். ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்பதற்காக 700 எம்பி கோப்பு முழுவதையும் கைவிடுவது விண்டோஸின் வழக்கமே தவிர, தகட்டின் தலைவிதி அன்று. ஆகவே ‘மீண்டும் முயல்க’ என்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காமல், முதலில் தகட்டை வெளியே எடுங்கள்.

குற்றம் தகட்டில்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன், நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு தகட்டை அதே டிரைவில் போட்டு, கடைசிக் கோப்புவரை படியெடுத்துப் பாருங்கள். அதுவும் திணறினால் லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், அல்லது லேசர் தளர்ந்திருக்கலாம். சிடியை 780 நானோமீட்டர் லேசரும் டிவிடியை 650 நானோமீட்டர் லேசரும் படிப்பதால், ஒரே டிரைவ் டிவிடியை நன்றாகவும் சிடியை மோசமாகவும் படிப்பதில் வியப்பில்லை. யூஎஸ்பி வழியே இணைக்கும் மெல்லிய டிரைவ்களில் இன்னொரு தொல்லை உண்டு. தகடு வேகமெடுக்கும் கணத்தில் அவை இழுக்கும் மின்சாரத்தை மடிக்கணினியின் ஒற்றைத் துளை சில சமயம் தர இயலாது. டிரைவ் ‘டக்’ என்று ஓசையிட்டு இணைப்பு அறுந்து, மீண்டும் இணையும். மின்னிணைப்புடைய யூஎஸ்பி ஹப், அல்லது இரண்டு தலையுள்ள கேபிள் இதற்குப் போதும்.

அடுத்து, தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிடியில் தரவு இருப்பது அடிப்புறப் பிளாஸ்டிக்கில் அன்று. மேற்புறம், பெயர் எழுதும் பக்கத்து அரக்குப் பூச்சுக்குச் சற்றே கீழேதான். எனவே அடிப்புறக் கீறல் பெரும்பாலும் பார்வையை மறைக்கும் கீறல். மேற்புறக் கீறலோ தரவையே சுரண்டிவிடும் கீறல். வெளிச்சம் ஊசித்துளைகளாகத் தகட்டைத் தாண்டி வந்தால், அந்த இடங்களில் பளபளப்புப் படலம் போய்விட்டது, அவற்றை எந்த மருந்தும் மீட்காது. பெயர் எழுதிய காகிதம் மேலே ஒட்டப்பட்டிருந்தால் அதை உரிக்க வேண்டாம். காகிதத்தோடு படலமும் சேர்ந்து வந்துவிடும். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் மேற்புறக் கீறலை அது ஓரளவு தாங்கும்.

கழுவுவதில் திசைதான் முக்கியம். சிடியின் பிழைத்திருத்த முறை, தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தரவு தொடர்ச்சியாகக் காணாமற்போனாலும் அதை முழுமையாகக் கணக்கிட்டு மீட்கும் வலிமை உடையது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் குறுக்கே மயிரிழை அகலத்துக்கு மட்டும் வெட்டுவதால் திருத்தத்துக்குள் அடங்கிவிடும். வட்டமாகச் செல்லும் கீறலோ ஒரே தடத்தின் மேல் நீளமாகப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் தட்டைத் துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்கக் கூடாது என்கிறோம். ஓடும் குழாய் நீரில் நனைத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை விரல் நுனியால் மெல்லத் தடவி, அலசி, பழைய மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் ஒற்றி எடுத்தால் விரல் ரேகையும் எண்ணெய்ப் பசையும் போய்விடும். தின்னர், பெட்ரோல் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். பற்பசை வைத்துத் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது கீறலைப் போக்குவதில்லை, ஒரு பெரிய கீறலின் ஓரங்களை மழுக்கிப் பல சிறு கீறல்களை உண்டாக்குகிறது, ஆகையால் வேறு எதுவும் பலிக்காத தகட்டில் மட்டும் முயலலாம்.

கழுவிய பின்னும் பிழை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். 52 எக்ஸ் (அடிப்படை வேகத்தின் 52 மடங்கு) என்று எழுதிய சிடி டிரைவ் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்றுச் சுழல்கிறது. தகடு சற்று வளைந்திருந்தாலோ ஒருபுறம் கனமாக இருந்தாலோ விளிம்புப் பகுதி அந்த வேகத்தில் அதிர்கிறது. தகடு உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவதால், ‘எப்போதும் கடைசிக் கோப்பில்தான் நிற்கிறது’ என்னும் புகார் இதிலிருந்தே பிறக்கிறது. விண்டோஸில் இம்க்பர்ன் மென்பொருளின் படிக்கும் பகுதியில் வேகத்தை 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் என்று அமைக்கலாம். ஓசை அடங்கி டிரைவ் முனகத் தொடங்கினால் அமைப்பு ஏற்கப்பட்டுவிட்டது என்று பொருள். சில டிரைவ்கள் இந்தக் கட்டளையை ஏற்பதே இல்லை.

இனிச் சொல்வதுதான் நான் பெரிதும் நம்பும் வழி. கோப்பு கோப்பாக இழுப்பதை நிறுத்திவிட்டு, தகடு முழுவதையும் அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக, அதாவது இமேஜ் கோப்பாக, எடுங்கள். அதற்குக் க்னூ டிடிரெஸ்க்யூ என்னும் இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகை உபுண்டு. அதில் இக்கருவியின் பொதிக்கு ஜிடிடிரெஸ்க்யூ (gddrescue) என்று பெயர். கணினியில் லினக்ஸ் இல்லாவிட்டாலும் பென்டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்கி வேலையை முடிக்கலாம். செக்டர் அளவு 2048 என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இக்கருவி கெட்ட இடத்தில் மல்லுக்கு நிற்காமல் தாண்டிச் சென்று, எளிதில் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. முதல் ஓட்டத்தில், கெட்ட இடங்களைச் செக்டர் செக்டராகச் சுரண்டிப் பார்க்கும் கட்டத்தைத் தவிர்க்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் ஓட்டத்தில் மூன்று மறுமுயற்சிகளை அனுமதியுங்கள். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அது ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைக்கிறது. அந்தக் கோப்பும் இமேஜும் கையில் இருந்தால் வேலையை நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். அதைவிட முக்கியமாக, தகட்டை வேறொரு டிரைவில் போட்டு விடுபட்ட செக்டர்களை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று தடையின்றிப் படிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விலை குறைந்த பழைய டிரைவ் ஒன்று புதியதைவிட நன்றாகப் படிப்பதும் உண்டு.

ஆனால் விசிடி, அதாவது வீடியோ சிடி, இந்த வழிக்கு உட்படாது. இங்கேதான் பலர் நல்ல தகட்டைக் கெட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். சாதாரணத் தரவுச் சிடியின் செக்டரில் 2048 பைட் தரவுக்குப் பின்னால் கூடுதல் பிழைத்திருத்தத்துக்கென 276 பைட் ஒதுக்கப்பட்டிருக்கும். 1993இல் வந்த விசிடியோ, ஓரிரு செக்டர் பிழையால் படம் பெரிதாகக் கெடாது என்ற துணிவில், அந்த இடத்தையும் வீடியோவுக்கே கொடுத்து ஒரு செக்டருக்கு 2324 பைட் திணிக்கிறது. 2048 என்று கேட்கும் லினக்ஸ் கருவிக்கு அந்த வீடியோ செக்டர் ஒவ்வொன்றும் பிழையாகவே தெரியும். தகட்டுக்குள் ‘எம்பெகாவ்’ (MPEGAV) என்ற அடைவும் அதற்குள் பெயர் ‘டாட்’ (DAT) என்னும் நீட்சியில் முடியும் பெரிய கோப்புகளும் இருந்தால் அது விசிடி. லினக்ஸில் விசிடிஎக்ஸ்ரிப் (vcdxrip), விண்டோஸில் ஐசோபஸ்டர் ஆகிய மென்பொருள்கள் இந்த அமைப்பை அறிந்து படிக்கும். பாட்டுச் சிடிக்கும் இமேஜ் முறை பொருந்தாது. அதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருள் போதும். ரெக்கார்டரில் எழுதி, மற்றக் கருவிகளும் படிக்கும்படி முடித்துவைக்கும் ‘ஃபைனலைஸ்’ வேலையைச் செய்யாமல் விட்ட டிவிடி, கணினியில் வெற்றுத் தகடாகத் தோன்றும். எழுதிய ரெக்கார்டர் இன்னும் உயிருடன் இருந்தால் அதிலேயே அந்த வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் அக்காவின் 2005ஆம் ஆண்டுத் திருமண டிவிடி இரண்டு டிரைவ்கள், மூன்று இரவுகள் எடுத்துக்கொண்டது. முதல் டிரைவ் முடித்தபோது விடுபட்டது 11 எம்பி. இரண்டாவது அதை 96 கேபியாகக் குறைத்தது. டிவிடி 16 செக்டர்களை ஒரே கட்டாகச் சேர்த்துப் பிழை திருத்துவதால் இழப்பும் 32 கேபி மடங்குகளிலேயே வரும். ஆக, எங்களுக்குக் கிடைக்காதவை மூன்று கட்டுகள். அந்த இடங்களை வெற்றாக விட்ட இமேஜை விஎல்சி என்னும் வீடியோ மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். வீடியோவுக்கு இத்தகைய இழப்பு பொறுக்கத்தக்கது. ஜிப் கோப்பாக இருந்தால் ஒரு கட்டுப் போனாலே திறக்காமல் அடம்பிடித்திருக்கும். பந்தி நடக்கும் காட்சியில், சாம்பார் வாளியோடு வருபவர் குனியும்போது, அரை நொடி அளவுக்கு அவர் முகமும் இலையும் சதுரங்களாகக் கலைந்து சேர்கின்றன. மற்ற இரண்டு கட்டுகளின் இழப்பும் எங்கே இருக்கின்றன என்று இதுவரை யார் கண்ணிலும் படவில்லை.