லாடம் என்ற சொல்லில் தவறும் இடங்கள்

ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ்ஷூ’ என்றால் சொல்லுக்குச் சொல் குதிரைச் செருப்பு. அதை அப்படியே தூக்கிவந்து ‘குதிரைக் காலணி’ என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போய்க் காலணி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் செருப்புக்கடையைத்தான் காட்டுவார்கள். குளம்பு தேயாமல் அடியில் அடிக்கும் இரும்புத் தகட்டுக்கு நமக்கு லாடம் என்ற சொல் இருக்கிறது. எல்லா மொழிக்காரர்களும் இதைச் செருப்பு என்று நினைக்கவும் இல்லை. பிரெஞ்சில் இது குதிரை இரும்பு, ஜெர்மனில் குளம்பிரும்பு.

இதைவிடப் பெரிய தவறு, லாடம் குதிரைக்கு மட்டுமே உரியது என்று நினைப்பது. காங்கேயம், தாராபுரம் பக்கம் வண்டிமாடு வைத்திருந்த வீடுகளில் லாடம் என்றால் முதலில் எருதுதான். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, நாலு காலுக்கும் சேர்த்து எட்டு. ஒவ்வொன்றும் தட்டையாக, பாதி இலை மாதிரி இருக்கும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, அதனால் காலுக்கு ஒரே லாடம், வளைந்தது. எங்கள் அப்பாரு வண்டிமாடு வைத்திருந்தார். பள்ளியில் ‘லாட காந்தம்’ பாடம் வந்தபோது என் மனதில் இருந்தது அந்தத் தட்டைத் தகடு. படத்தில் இருந்ததோ வளைவு. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று வெகுநாள் புரியவில்லை. ஆகவே வடிவத்தைச் சொல்லும்போது ‘குதிரை லாட வடிவம்’ என்றே முழுதாக எழுதுங்கள். அப்புறம், குதிரைலாட நண்டு என்பது பெயரில்தான் நண்டு. உறவில் அது சிலந்தி, தேள்களுக்குப் பக்கம்.

‘லாடம் கட்டிருவேன்’ என்பதை இன்றைய பிள்ளைகள் மிரட்டலாக மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். உள்ளங்காலில் அடிப்பதைக் குறித்து, காவல் நிலையக் கதைகளின் வழியே பரவிய பேச்சு அது. அசல் வேலை அதற்கு நேர் எதிர். கயிறு போட்டு மாட்டைப் பதமாகச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, தேய்ந்த தகட்டைப் பிடுங்கி, குளம்பைச் செதுக்கிச் சமப்படுத்தி, புதுத் தகட்டை வைத்து ஆணி அடிப்பார்கள். வெளியே எட்டிப் பார்க்கும் ஆணி முனையை மடக்கிவிடுவார்கள். ஆணி இறங்குவது குளம்பின் வெளிச்சுவரில். அது நம் நகம் மாதிரி, வலி தெரியாது. கொஞ்சம் உள்ளே ஏறிவிட்டால் மாடு நொண்டும். கை அவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும். தார்ரோட்டில் பாரம் இழுக்கும் மாட்டின் கால் தேயக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த வேலை இது. அதன் பெயர் வதைக்கு ஆகிப்போனதில் எனக்கு வருத்தமே.

சொல் எங்கிருந்து வந்தது? தமிழ் மரபில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் முன்பு இகரம் சேர்த்து ‘இலாடம்’ என்றும் எழுதினார்கள். இதற்குத் தமிழ் வேர் கண்டுபிடித்துக் கதை கட்டுவதைத் தவிர்க்கலாம். கன்னடத்தில் இது லாள, தெலுங்கில் லாடமு. இந்தியிலும் மராத்தியிலும் நால். அரபியில் ‘நஅல்’ என்றால் செருப்பு, குதிரை லாடத்துக்கும் அதே சொல்தான். இந்தி நால் அங்கிருந்து வந்தது.

இன்னொரு குழியும் உண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளைக் கல்வெட்டில் புகழும் மெய்க்கீர்த்தியில் ‘தக்கண லாடம்’, ‘உத்திர லாடம்’ என்று வருகிறது. அதைப் படித்துவிட்டு லாடம் அடிக்கும் ஊர் என்று பொருள் சொல்லக் கூடாது. அது வங்கத்து ராட நாடு, தெற்கும் வடக்கும். அவன் படை கங்கைப் பக்கம் போனபோது வென்றவை. எழுத்து ஒன்று, சொல் வேறு.

எழுத்துப்பிழைகளும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. குளம்பு என்பது விலங்கின் பாதம், குழம்பு சோற்றுக்கு ஊற்றுவது. லாடம் காலில் இருப்பது, லாயம் குதிரை கட்டும் இடம். ஆறு வளைந்து பிரிந்துபோய் உண்டாகும் ஏரியைப் பள்ளிப் புத்தகம் ‘குதிரைக் குளம்பு ஏரி’ என்கிறது. அதில் லாடத்தை நுழைக்க வேண்டியதில்லை.

வாசற்படியில் லாடம் அடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. முனைகள் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்று சண்டை வேண்டாம், இரண்டு வழக்கமும் உலகில் உண்டு. ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் கேட்டது குதிரை போட்டு நடந்த லாடத்தை. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றியாக வேண்டும். அப்படிக் கழற்றியதைக் குதிரைக்காரரிடமே கேட்டு வாங்கலாம். முன்வளைவு தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடையில் தொங்கும் பளபளப்பான தகர வளைவில் அந்தத் தேய்மானம் இருக்காது.